டுப்டுப் படகுக்குப் புது பாய்லர்

மேசையில் இருப்பது ஒரு சாண் நீளம்கூட இல்லாத தகரப் படகு. உடம்பு சிவப்பு, மேல்தளம் மஞ்சள், பக்கவாட்டில் வரிசையாக வட்ட ஜன்னல்கள். உள்ளே ஒரு துண்டு மெழுகுவர்த்தியோ எண்ணெய்த் திரியோ ஏற்றி வைத்தால் ‘டுப்டுப்டுப்’ என்று சத்தம் போட்டுக்கொண்டே தண்ணீரில் ஓடும் ரகம். சின்ன வயதில் இதை வைத்திருந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: இதில் சாவி இல்லை, பேட்டரி இல்லை, சுற்றுகிற பாகம் என்று எதுவுமே இல்லை. ஒரு தட்டையான தகர டப்பி, அதிலிருந்து பின்பக்கம் போகும் இரண்டு குழாய்கள், கொஞ்சம் நெருப்பு, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான்.

எங்கள் படகின் பழுது என்னவென்று முதலில் எழுதிவிடுகிறேன். பாய்லரின் அடித்தகடு துருப்பிடித்து ஊசி முனை அளவில் பல ஓட்டைகள். குழாய்களில் ஒன்று பற்று விட்டு ஆடுகிறது, இன்னொன்று உள்ளே அடைத்திருக்கிறது. திரி வைக்கும் சிறு தட்டைக் காணவில்லை. சுக்கான் தொளதொளவென்று இருக்கிறது. வண்ணம் மட்டும் ஆச்சரியமாக முக்கால்வாசி அப்படியே நிற்கிறது.

இப்படி ஒரு படகைக் கையில் எடுத்தால் இரண்டு வழி இருக்கிறது. சுலபமான வழி, தட்டை பாய்லரையே தூக்கிப் போட்டுவிட்டு, மெல்லிய செம்புக் குழாயைப் பென்சிலில் இரண்டு சுற்று சுற்றி அதன் இரு முனைகளையும் பின்பக்கம் விட்டுவிடுவது. பாய்லரில் பற்றவைக்க எதுவுமே இல்லை, கசிய இடமில்லை, பல வருடம் உழைக்கும். படகும் நன்றாகவே ஓடும். ஆனால் ஏறக்குறைய சத்தமே இல்லாமல் ஓடும். சுருள் குழாயில் தகடு கிடையாது, தகடு இல்லாவிட்டால் அந்த ‘டுப்’ கிடையாது. எனக்கு இது ஒத்துவரவில்லை. இந்தப் படகை நாங்கள் வாங்கியதே அதன் சத்தத்துக்காகத்தான்.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து கடைத்தெருவுக்குப் போவது வருடத்தில் சில நாட்கள்தான். அம்மா கையில் நாலாக மடித்த சீட்டு இருக்கும். அதில் எழுதியிருக்கும் வரிசையில்தான் கடைகள் வரும், பொம்மைக் கடை எப்போதும் கடைசி வரிக்கும் கீழே, எழுதப்படாத வரி. துணிக்கடையில் பாட்டி ஒவ்வொரு துணியின் ஓரத்தையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். நானும் தங்கையும் மடித்து வைத்த துணிப் பொதிகளுக்கு நடுவில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்ப்போம். எனக்குச் சட்டை எடுக்கும்போது தோள்பட்டையை முதுகுப் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒரு அளவு பெரிசாவே குடுங்க, வளர்ற பிள்ளை” என்பார் அம்மா. அந்தச் சட்டை எனக்குச் சரியாகப் பொருந்தும் நேரத்தில் முழங்கை நைந்திருக்கும்.

அப்பா வாங்கும் விதமே தனி. எதையும் சோதித்துப் பார்க்காமல் பணத்தை எடுக்க மாட்டார். குடை என்றால் கடை வாசலில் நின்று விரித்து, ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்ப்பார். பூட்டு என்றால் கூடவே வரும் எல்லாச் சாவியையும் போட்டுத் திறந்து பூட்டுவார். கடைக்காரர்கள் சலித்துக்கொண்டாலும் அவர் முகம் மாறாது. அன்றைக்குக் கடைசியில், ஓர் அகலத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் படகு விட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் நாங்கள் நின்றுவிட்டபோதும் அப்படித்தான். குந்தி உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து படகுகளை ஒவ்வொன்றாக வாங்கி, மேல்தளத்துத் திறப்பு வழியாக விரலை விட்டு பாய்லர் தகட்டை லேசாக அழுத்தி அழுத்தி விட்டார். சிலது ஊமையாக இருந்தன. ஒன்று ‘டிக்’ என்றது. “இது பேசுது, இதையே எடுத்துக்க” என்று என் கையில் கொடுத்தார். மேசையில் இருப்பது அந்தப் படகுதான்.

ஆகவே சுருள் குழாய் வேண்டாம், தட்டை பாய்லர்தான் என்று முடிவு. வேலைக்கு இறங்கும் முன் அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எங்கே கவனம் வேண்டும், எங்கே வேண்டாம் என்பது விளங்கிவிடும்.

பாய்லரிலும் குழாய்களிலும் தண்ணீர் நிரப்பிப் படகை மிதக்க விடுகிறோம். அடியில் நெருப்பு. பாய்லருக்குள் இருக்கும் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகி, குழாயில் நிற்கும் தண்ணீரைப் பின்பக்கமாகத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட தண்ணீர் அந்த வேகத்திலேயே கொஞ்சம் அதிகமாக வெளியே போய்விடுகிறது. ஆவி இப்போது குளிர்ந்த குழாய்ச் சுவரைத் தொட்டுத் திரும்பத் தண்ணீராகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளித் தண்ணீர் குழாய்க்குள் ஏறுகிறது. அது சூடான தகட்டை எட்டியதும் மறுபடி ஆவி. நொடிக்குப் பல முறை இப்படியே நடக்கும். ஒவ்வொரு முறையும் பாய்லரின் மேல் தகடு உப்பி, அமுங்குகிறது. நம் காதில் விழுவது அதுதான்.

தண்ணீரைத் தள்ளுகிறது, அதே அளவு தண்ணீரைத் திரும்ப இழுக்கவும் செய்கிறது, அப்புறம் படகு ஏன் நின்ற இடத்திலேயே ஆடாமல் முன்னால் போகிறது? சின்ன வயதில் இதை யாரிடம் கேட்டாலும் ‘ஆவி தள்ளுது’ என்ற பதில்தான் கிடைத்தது. எரியும் மெழுகுவர்த்தியை ஒரு முழத் தூரத்திலிருந்து ஊதி அணைத்துவிடலாம். அதே தூரத்திலிருந்து காற்றை உறிஞ்சி அணைக்க முடியுமா? ஊதும்போது காற்று ஒரே நேர்கோட்டில் போகிறது, உறிஞ்சும்போது எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து சேர்கிறது. படகிலும் அதே கதை. வெளியே போகும் தண்ணீர் பின்பக்கமாக ஒரே தாரையாகப் பாய்கிறது, உள்ளே வரும் தண்ணீர் குழாய் வாயைச் சுற்றி நாலாபுறமும் இருந்து வருகிறது. மொத்தத்தில் மிஞ்சுவது முன்னோக்கிய தள்ளல்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர் 1891-ல் பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அவருடையதிலும் சின்ன பாய்லர், இரண்டு குழாய்கள். மேல் தகடு மெல்லியதாக இருந்து துடிக்கும் வடிவத்துக்கு 1915-ல் அமெரிக்காவில் சார்லஸ் மெக்ஹியூ என்பவர் விண்ணப்பித்தார். நாங்கள் தொட்டியில் விட்டு விளையாடியது அந்த இரண்டாவது வகை.

சரி, வேலைக்கு வருவோம்.

பழைய வண்ணத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. பழைய காலத்துப் பொம்மை வண்ணங்களில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, அந்தத் தூள் மூச்சில் போவது நல்லதில்லை, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம். ஈரத் துணியும் ஒரு துளி சோப்பும் போதும். அழுக்கு போன பிறகு கார் பாலிஷ் மெழுகை லேசாகத் தடவினேன், சிவப்பு எழுந்து வந்துவிட்டது. வண்ணம் போன இடங்களை அப்படியே விட்டுவிட்டேன். முன் மூக்கில் தகரம் தெரிவது, தொட்டிச் சுவரில் மோதி மோதி வந்தது. அதை மூடிப் பூசினால் படகு புதுசாகத் தெரியும், ஆனால் எங்கள் படகாகத் தெரியாது.

மேல்தளம் உடம்போடு சேர்வது சின்னச் சின்னத் தகர நாக்குகளால். துளையில் நுழைத்து மடித்துவிட்டிருப்பார்கள். பழைய தகரம் களைத்துப் போயிருக்கும். ஒரு தடவை நிமிர்த்தி, ஒரு தடவை மடிக்கலாம், அதற்கு மேல் கேட்டால் ஒடிந்துவிடும். அதனால் முதலில் நிமிர்த்தும்போதே எல்லா வேலையையும் ஒரே மூச்சில் முடிக்கத் திட்டமிட வேண்டும். மூக்குக் குறடால் பிடித்து, நாக்கு முழுவதையும் ஒரேயடியாக நிமிர்த்தாமல், மேல்தளம் கழன்று வருகிற அளவுக்கு மட்டும் தூக்கிவிட்டேன்.

மேல்தளத்தைத் திருப்பிப் பார்த்தபோது, கரி படிந்த அடிப்பக்கத்தில் ஊசியால் கீறிய கோடுகள். நாலு கோடு, குறுக்கே ஒன்று, மறுபடி நாலு கோடு, குறுக்கே ஒன்று. இரண்டு வரிசை. தங்கையின் வேலை. தொட்டியில் யார் முறைக்குப் படகு வெகுநேரம் ஓடியது என்ற கணக்கு அது. காகிதத்தில் எழுதினால் நான் அழித்துவிடுவேன் என்று, என் கண்ணுக்குப் படாத இடமாகத் தேடி மேல்தளத் திறப்பு வழியே கையை விட்டுக் கீறியிருக்கிறாள். அவள் வரிசை நீளம். படம் எடுத்து அனுப்பினேன், “இப்பவாவது ஒத்துக்கோ” என்று பதில் வந்தது. ஒத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தை மட்டும் சோப்பு போட்டுக்கூடக் கழுவவில்லை.

பழைய பாய்லரின் அளவை எடுத்துக்கொண்டேன்: நீளம் 40 மி.மீ, அகலம் 25 மி.மீ, உயரம் 3 மி.மீ. இந்த உயரம் முக்கியம். உள்ளே இடம் அதிகமானால் தண்ணீர் அதிகம் பிடிக்கும், சூடேற நேரமாகும், துடிப்பு மந்தமாகும். அடித்தகட்டுக்கு 0.3 மி.மீ பித்தளை. தகரம் வெட்டும் கத்தரியால் நாலு பக்கமும் 3 மி.மீ கூடுதலாக விட்டு வெட்டி, மூலைகளைச் சதுரமாகக் கத்தரித்து, ஒரு மரக்கட்டையின் விளிம்பில் வைத்து மடித்தேன். ஆழமில்லாத தட்டு ஒன்று கிடைத்தது. குழாய்களுக்கு 4 மி.மீ பித்தளைக் குழாய். அதன் ஒரு முனையைக் குறடால் மெல்ல அமுக்கி நீள்வட்டமாக்கினால்தான் 3 மி.மீ உயரத்துக்குள் அடங்கும். அமுக்கும்போது உள்ளே ஒரு கம்பியை விட்டுக்கொண்டால் வாய் ஒட்டிப்போகாது.

படகு ஓடுவதற்கு ஒரு குழாயே போதும். இரண்டு வைப்பது தண்ணீர் நிரப்பும் வசதிக்காக. ஒன்றில் தண்ணீர் விடும்போது மற்றதன் வழியாகக் காற்று வெளியேறும்.

பற்றவைப்புக்கு வருவோம். இது குழந்தை கையில் போகிற பொருள், அதனால் சால்டரில், அதாவது உருக்கி ஒட்டவைக்கும் உலோகத்தில், ஈயமில்லாத ரகம்தான் வாங்கினேன். வெள்ளீயமும் செம்பும் கலந்த அந்த ரகம் 227 டிகிரியில் உருகும், வெள்ளீயம் 63, ஈயம் 37 பங்கு கலந்த வழக்கமான ரகம் 183 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே ஈயமில்லாததுக்குப் பற்றவைக்கும் இரும்பு நன்றாகச் சூடேற வேண்டும். ரேடியோ பலகைகளுக்கு உபயோகிக்கும் 25 வாட் இரும்பு இதற்கு எடுபடாது, தகடு சூட்டை இழுத்துப் பரப்பிவிடும். அகல முனையுள்ள 60 வாட் இரும்பு வைத்துக்கொண்டேன். சேர்க்கும் இடங்களை மட்டும் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் தடவி, இரண்டு பக்கத்திலும் முதலில் தனித்தனியாக மெல்லிய சால்டர் பூச்சு கொடுத்துவிட்டால், சேர்க்கும்போது ஒரு நொடியில் ஓடிப் பிடித்துக்கொள்ளும். இந்த முன்பூச்சைத் தவிர்க்கவே கூடாது.

குழாய்களை முதலில் பற்றவைத்தேன், அப்புறம் மேல் தகடு. இரண்டாவது முறை சூடு காட்டும்போது முதல் பற்று இளகிவிடுமே? குழாய்கள் தட்டைச் சேரும் இடத்தில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டால் இளகாது.

மேல் தகடுதான் இந்த வேலையின் உயிர். பித்தளை ஷிம் தகடு 0.05 மி.மீ தடிமனில் கிடைக்கிறது, கத்தரிக்கோலால் காகிதம் மாதிரி வெட்டலாம். 0.1 மி.மீ தகட்டிலும் ஒன்று செய்து பார்த்தேன். படகு ஓடியது, ஆனால் சத்தம் பொத்திய வாயிலிருந்து வருகிற மாதிரி. மெல்லியதில்தான் குரல் இருக்கிறது. மெல்லியதில் இன்னொரு சிக்கல், சூடு பட்டதும் நெளியும். ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாகப் பற்றவைத்துக்கொண்டே போனால் கடைசி ஓரத்தில் ஒரு மடிப்பு விழுந்து நிற்கும். அதனால் நாலு மூலையையும் முதலில் ஒரு புள்ளியாகப் பிடித்துவிட்டு, பிறகு எதிரெதிர் பக்கங்களாக மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடித்தேன். பற்றவைப்பதற்கு முன், மடித்த துணியின்மேல் தகட்டை வைத்து ஒரு கரண்டியின் முதுகால் நடுவில் வட்டமாகத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு குழிவு வரும். அந்தக் குழிவுதான் தகட்டை இப்படியோ அப்படியோ சட்டென்று தாவ வைக்கிறது. குழிவில்லாத தட்டைத் தகடு சும்மா அசையும், தட்டாது.

எல்லாம் ஆறிய பிறகு விரலை வைத்து மெல்ல அழுத்தி விட்டேன். ‘டிக்.’

அப்பா அன்றைக்குக் கேட்டது இதைத்தான். பாய்லர் என்றால் என்ன, தடிமன் என்ன, குழிவு என்ன என்று அவர் யாரிடமும் படித்திருக்க வாய்ப்பில்லை. பொருளைத் தட்டிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, காதில் வாங்கித் தெரிந்துகொள்கிற பழக்கம் ஒன்றுதான் அவரிடம் இருந்தது. பெட்டியிலிருந்த படகுகள் எல்லாம் கண்ணுக்கு ஒரே மாதிரி, ஒரே சிவப்பு, ஒரே மஞ்சள். அதற்குள் எதன் தகடு சரியாக உட்கார்ந்திருக்கிறது என்பதை அவர் விரல் கண்டுபிடித்திருக்கிறது. இதை அவரிடம் சொல்ல முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கசிவு பார்க்க, ஒரு குழாயின் வாயை விரலால் அடைத்து, மற்றதில் ரப்பர் குழாய் மாட்டி, பாய்லரைத் தண்ணீரில் அமிழ்த்தி மெதுவாக ஊதினேன். ஒரு மூலையில் குமிழி வந்தது. துடைத்து, ஃப்ளக்ஸ் வைத்து, இரும்பு முனையால் ஒரு தொடு. அதோடு சரி. ஃப்ளக்ஸ் மிச்சத்தை வெந்நீரும் சமையல் சோடாவும் போட்டுக் கழுவிவிட வேண்டும். விட்டுவிட்டால் பித்தளையைப் பச்சையாக அரித்துக்கொண்டே இருக்கும்.

திரித்தட்டை ஒரு டப்பா மூடித் தகரத்திலிருந்து வெட்டினேன். விளிம்பைக் கட்டாயம் உள்பக்கமாக மடித்துவிடுங்கள், வெட்டிய தகரம் விரலைக் கிழிக்கும். சுடர் பாய்லரின் அடியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் உயரம் சரியாக இருந்தது. மெழுகுத் துண்டைவிட எண்ணெய்த் திரி நல்லது, எரிய எரிய உயரம் குறையாது. ஆனால் தண்ணீர் அலம்பினால் எண்ணெய் படகுக்குள் சிந்தும், அதனால் தட்டில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. பாய்லரை முன்பக்கம் தூக்கலாக, குழாய்கள் பின்னால் சரிந்து இறங்கும்படி வைத்து, குழாய் வாய் இரண்டும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா என்று மிதக்கவிட்டுப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் நாக்குகளை மடித்தேன். ஒன்றும் ஒடியவில்லை.

முதல் ஓட்டத்தில் தங்கை மகன் கூட இருந்தான். சொட்டு மருந்துக் குப்பியின் ஃபில்லரால் ஒரு குழாயில் தண்ணீர் விட்டு, மற்றதிலிருந்து தண்ணீர் வழியும் வரை நிரப்பினோம். இரண்டு வாயையும் விரலால் மூடிக்கொண்டே தொட்டியில் இறக்கினேன். திரியை ஏற்றினேன். அரை நிமிடத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. “ஓடலையே மாமா” என்றான். படகு ஒரு தடவை இருமியது. பின்னால் தண்ணீரில் சின்ன வளையங்கள். அப்புறம் பிடித்துக்கொண்டது பாருங்கள் சத்தம்! குளியலறைச் சுவரில் பட்டு அது இரட்டிப்பாகக் கேட்டது. அவன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான், உடனே கையை எடுத்துவிட்டு இன்னும் கிட்டே குனிந்தான்.

எங்கள் விளையாட்டில் தொட்டி என்றால் கடல். சோப்புப் பெட்டி துறைமுகம். தீப்பெட்டிக்குள் சட்டைப் பொத்தான்களைப் போட்டால் சரக்கு. மேல்தளத்தில் ஒரு தீப்பெட்டி தாங்கும், இரண்டு வைத்தால் ஒரு பக்கம் சாயும். சாயாமல் இரண்டையும் மறுகரை சேர்ப்பவர்தான் அன்றைக்குக் கேப்டன். மூக்கில் நூல் கட்டியிருப்போம், நடுக்கடலில் திரி அணைந்துபோனால் இழுத்துக் கரை சேர்க்க. அந்த நூலின் முடிச்சு ஒன்று கறுத்துப்போய் இன்னும் அந்த வளையத்தில் இருக்கிறது. தங்கை மகனுக்கு இதில் எதையும் நான் சொல்லித்தரவில்லை. அவனாகவே ஒரு பிளாஸ்டிக் டைனோசரை மேல்தளத்தில் ஏற்றினான், படகு சாய்ந்தது, டைனோசரின் வாலை நடுவில் வரும்படி திருப்பி வைத்தான், நிமிர்ந்தது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். குழாய் வாயை எந்தக் காரணம் கொண்டும் அடைத்துவிட்டுச் சூடாக்கக் கூடாது. திறந்த குழாய்தான் இந்த பாய்லருக்குப் பாதுகாப்பு, அதனால்தான் உள்ளே அழுத்தம் ஏறுவதில்லை. தண்ணீர் இல்லாத பாய்லருக்கு நெருப்புக் காட்டினால் பற்று உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை தகடு நூறு டிகிரியை விட்டு அதிகம் மேலே போகாது, அது வற்றியதும் சுடரின் சூடு நேராகச் சால்டரைத் தாக்கும். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கும் முன் திரியை அணைத்துவிடுங்கள். ஓடி முடித்த உடனே மேல்தளத்தைத் தொட வேண்டாம், சுடும். குழந்தைகள் விடும்போது பெரியவர் ஒருவர் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

விளையாடி முடித்ததும் படகைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கி, ஒரு குழாயில் ஊதி உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றி, வெயிலில் காயவைத்து எடுத்து வைக்க வேண்டும். பித்தளை பாய்லர் துருப்பிடிக்காது, உடம்புத் தகரம் பிடிக்கும். உப்புத் தண்ணீர் வருகிற வீடானால் குழாய்க்குள் வெள்ளையாகப் படிவு கட்டும். அதற்கு எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து உள்ளே நிரப்பிக் கொஞ்ச நேரம் வைத்துக் கழுவினால் போய்விடும். பழைய குழாயின் அடைப்பு அதுதான் என்று அறுத்துப் பார்த்தபோது தெரிந்தது.

சுக்கான் இன்னும் தொளதொளவென்றுதான் இருக்கிறது. அதன் ஆணித் துளை தேய்ந்து பெரிதாகிவிட்டது, ஒரு சின்னப் பித்தளை வாஷர் வைத்தால் நிற்கும். வாஷர் வாங்கி வைத்திருக்கிறேன், படகுதான் என்னிடம் இல்லை. தங்கை மகன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு நேராக ஓடுவதைவிட வட்டமடிப்பதுதான் பிடித்திருக்கிறதாம்.